ஒரு தடவைக்கு ஒரு கப்

இன்றோடு சரி. இனிமேல் இந்த வீட்டில் எவருக்கும் காபி போடுவதில்லை.

படிப்படியார் இந்தச் சபதத்தை எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, பொங்கி வழிந்த பால் அடுப்பைத் தாண்டி அவருடைய இடது கால் கட்டைவிரலில் சொட்டிய நொடியில். சபதத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் உள்ளே தூங்குகிற மனைவி விழித்துக்கொள்வாள். விழித்தால் முதல் கேள்வியே "காபி ஆச்சாங்க?" என்பதுதான். ஆகவே சபதத்தை மென்று விழுங்கிவிட்டு, ஒற்றைக் காலில் நின்றபடியே நாலு பேருக்கும் காபி கலந்து முடித்தார்.

படிப்படியார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். மின்விசிறியோ இஸ்திரிப்பெட்டியோ வாங்கினால் பெட்டிக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, நாமும் பிரிக்காமலே எங்காவது செருகிவிடுவோமே, அந்தத் தாளை எழுதுகிறவர் அவர். படி ஒன்று, பிளக்கைச் சொருகவும். படி இரண்டு, சுவிட்சைப் போடவும். இருபது வருஷமாக இதே வேலை என்பதால் பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் தும்மினால்கூட, "முதல்ல கைக்குட்டையை எடுங்க, ரெண்டாவது முகத்தைத் திருப்புங்க, மூணாவதாத் தும்முங்க" என்பார். தும்மல் அதுவரை காத்திருக்காது.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. யாராவது ஒரு பொருளைத் தப்பாகப் பயன்படுத்திக் கெடுத்துவிட்டால் கெடுத்தவரைக் குறை சொல்லவே கூடாது. எழுதியவர் ஒழுங்காக எழுதவில்லை என்றுதான் அர்த்தம். "தப்பு ஆள் மேல இல்ல, தாள் மேல" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வீட்டிலும் ஒரு நாள் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காபிப் பொறுப்பு அவர் தலையில் விழுந்ததும் இப்படி ஒரு வாயினால்தான். கல்யாணமான முதல் வாரம். "என் கையால ஒரு காபி குடிச்சுப் பாரு. அப்புறம் உன் கை காபியை நீயே குடிக்க மாட்டே" என்று புது மனைவியிடம் சொன்னார். அவள் குடித்தாள். கண்ணை மூடி ரசித்தாள். "நிஜம்தாங்க. இனிமே என் கை காபியை நான் குடிக்க மாட்டேன்" என்றாள். பதினாறு வருஷமாக அந்த வார்த்தையிலிருந்து அவள் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். காலை ஏழரைக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வண்டி வாசலுக்கு வரும். முதல் மாணவர் நடுங்கிக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடிப்பார். இவள் பக்கத்து இருக்கையில் தலைவாரிக்கொண்டே, காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை அவ்வப்போது லேசாக மிதிப்பாள். ஓட்டுகிறவருக்கோ தானே நிறுத்தியதாக நினைப்பு. மனிதர்கள் எத்தனை விதமாகத் தப்புச் செய்ய முடியும் என்பதைத் தினமும் ஆறு பேரிடம் பார்த்துத் தேறியவள்.

இவர்கள் இருவரும் போக, ஒன்பதாவது படிக்கும் மகள் ஒருத்தி. ஆறு வருஷம் முன்பு வந்து சேர்ந்த மாமனார் ஒருவர். மாமனார் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். ஓய்வு பள்ளிக்குத்தான், பழக்கத்துக்கு இல்லை. கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவார். மழைக்குப் போடுவார். எதிர்வீட்டுக்காரர் வண்டி நிறுத்தும் அழகுக்குப் போடுவார். மாப்பிள்ளையின் காபிக்கு ஆறு வருஷத்தில் அவர் போட்ட அதிகபட்சம் அறுபத்தெட்டு.

படிப்படியாருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். காலை ஏழு மணிவரை போர்வைக்குள் கிடக்க வேண்டும். அவ்வளவே. நாடு கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. ஆனால் "போட மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது. யோசித்துக்கொண்டே அலுவலகம் போனவருக்கு அன்றைக்கே வழி கிடைத்தது. ஒரு புதுக் காபி மெஷினுக்குத் தாள் எழுதும் வேலை மேஜையில் காத்திருந்தது. ஒரு தடவைக்கு ஒரு கப். காபிப்பொடி அடைத்த கேப்சூலைப் போடவும். மூடியை அழுத்தவும். பட்டனைத் தட்டவும். மூன்றே படி. யார் போட்டாலும் ஒரே ருசி. எழுதி முடித்ததும் தன் எழுத்தில் தானே மயங்கி, மறு வாரமே மனைவியின் பிறந்தநாளுக்கு ஒரு மெஷினை வாங்கி வந்துவிட்டார்.

"என்னங்க இது?"

"காபி மெஷின். உனக்குத்தான்."

"எனக்கா?"

"உனக்கே உனக்கு."

"நான்தான் காபி போடறதே இல்லையே?"

"அதனாலதான்! இனிமே யாரும் யாருக்கும் போட வேண்டாம். அவங்கவங்க காபி, அவங்கவங்க கையால. எத்தனை சுதந்திரம் பாரு!"

மனைவி மெஷினைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு" என்றாள். எதைச் சொன்னாள் என்பது தெரியவில்லை.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷினைச் சுற்றி வந்தார்.

"ஒரு தடவைக்கு எத்தனை கப் மாப்பிள்ளை?"

"ஒண்ணு மாமா."

"ஒரு கப்புக்கு எத்தனை நிமிஷம்?"

"மூணு."

"நாம நாலு பேர். நாலாவது ஆளுக்குக் கிடைக்கறப்ப முதல் ஆள் மறுபடி கேப்பான். திட்டத்துக்கு நாப்பது மார்க்."

"கேப்சூல் கலர் கலரா இருக்கே" என்றாள் மகள். "எனக்கு மஞ்சள். நுரை வர்றது."

மறுநாள் காலை பாடம் ஆரம்பமாயிற்று. கடைசியாக ஒரே ஒரு நாள் சீக்கிரம் எழுந்தால் போதும், அப்புறம் ஆயுசுக்கும் தூக்கம் என்று படிப்படியார் உற்சாகமாக எழுந்தார். தாளை மனைவி கையில் கொடுத்தார்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயே படி, நீயே செய்."

அவள் படித்தாள். கேப்சூலைப் போட்டாள். மூடியை அழுத்தினாள். பட்டனைத் தட்டினாள். மெஷின் உறுமியது. சூடான காபி அழகாக இறங்கி, மேடையில் பரவி, கரண்டிகள் இருந்த இழுப்பறைக்குள் ஓடியது.

"கப்! கப் எங்கே?"

"கப்பை வைக்கணும்னு போடலையே."

படிப்படியார் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். போடவில்லை. உச்சந்தலையில் அடித்த மாதிரி இருந்தது. தப்பு ஆள் மேல் இல்லை. அன்றைக்கு நாலு காபியையும் அவரே போட்டுவிட்டு, கையோடு உட்கார்ந்து இரண்டாம் பதிப்பை எழுதினார். படி ஒன்று, கப்பை வைக்கவும்.

செவ்வாய்க்கிழமை அவள் கப்பை வைத்தாள். கவிழ்த்து வைத்தாள்.

"ஏம்மா, கப்பைக் கவுத்தா வைப்பாங்க?"

"அலமாரியில அப்படித்தானே வச்சிருக்கோம்? எந்தப் பக்கம் மேலன்னு நீங்க எழுதலையே."

எழுதவில்லைதான். மூன்றாம் பதிப்பில் "வாய்ப்பகுதி மேல்நோக்கி இருக்குமாறு" என்று சேர்த்தார். புதன்கிழமை அவள் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல், பயன்படுத்திய கேப்சூல் விழுகிற டப்பாவில் ஊற்றினாள். நான்காம் பதிப்பில் அம்புக்குறிகள் வந்தன. வியாழக்கிழமை கேப்சூலே போடாமல் பட்டனைத் தட்டிவிட்டு, வந்த வெந்நீரை ஒரு வாய் குடித்து, "கொஞ்சம் லைட்டா இருக்குங்க" என்றாள். ஐந்தாம் பதிப்பில் எச்சரிக்கைகள் வந்தன. பத்து நாளில் தாள் பதினோரு பக்கமாயிற்று. அடுப்படிச் சுவரில் ஜன்னல் போக மீதி இடமெல்லாம் ஒட்டியாயிற்று. உப்பு டப்பா எங்கே என்று தேடினால் ஏழாம் பக்கத்துக்குப் பின்னால் இருந்தது.

"அம்மாவுக்கு நிஜமாவே வரலையா தாத்தா?" என்று மகள் கேட்டாள்.

"பாடம் நடத்தறவருக்கு முப்பது மார்க்" என்றார் மாமனார்.

நடுவில் காபியை யார் போட்டது? கேட்கவே வேண்டாம். முன்பாவது ஒரே பாத்திரம், பத்து நிமிஷம், நாலு பேருக்கும் முடிந்தது கதை. இப்போது ஒவ்வொன்றாக நின்று நின்று போட வேண்டியிருந்தது. மாமனாருக்குச் சிவப்பு, சர்க்கரை இல்லாமல். மகளுக்கு மஞ்சள். மனைவிக்குப் பழுப்பு, அரைக் கப்பில் நிறுத்தி, இன்னொரு அரை வேறு கேப்சூலில். நாலாவது கப்பைத் தனக்கு என்று வைக்கும்போது, "மாப்பிள்ளை, ஆறிப்போச்சு, இன்னொண்ணு" என்று கூடத்திலிருந்து குரல் வரும். சுயசேவை ஹோட்டல் ஒன்றைத் திறந்து, அதில் தானே ஒரே சர்வராக வேலைக்குச் சேர்ந்துவிட்டார் மனுஷர். எழுந்திருக்கும் நேரமும் ஐந்தரை ஆயிற்று.

பதினோராவது நாள் மனைவிக்கு விடுமுறை. படிப்படியார் அலுவலகத்துக்குப் பாதி வழி போய்விட்டுக் கண்ணாடியை மறந்தது நினைவு வந்து திரும்பினார். சாவி போட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே மெஷின் உறுமும் சத்தம் கேட்டது. பூனைபோல நடந்து போய் அடுப்படியை எட்டிப் பார்த்தார்.

மனைவி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "கிளட்ச்ச மெதுவா விடணும். பட்டுனு விட்டா வண்டி குதிக்கும்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். இடது கை கேப்சூலைப் போட்டது. முழங்கை மூடியை அழுத்தியது. கரண்டிக் காம்பு பட்டனைத் தட்டியது. மெஷினை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கப் நிமிர்ந்து நின்றது.

"பிடிச்சுட்டேன்!" என்று குதித்தார் படிப்படியார்.

"அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தாள் அவள். "என்னத்தைப் பிடிச்சீங்க?"

"உனக்குத்தான் தெரியுதே!"

"தெரியாதுன்னு யார் சொன்னா?"

"நீதான்! பத்து நாளா!"

"உங்க தாள் புரியலைன்னு சொன்னேன். மெஷின் புரியலைன்னா சொன்னேன்?"

படிப்படியாருக்கு அவமானம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். பதினோரு பக்கம்! அம்புக்குறிகள் வேறு! ஆனால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் இன்னொன்று வராது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நாளையிலேருந்து நான் எழுந்திருக்க மாட்டேன்" என்றார்.

"சரிங்க."

"நான் ஏழு மணிவரைக்கும் தூங்குவேன்."

"தாராளமா."

"காபி?"

"நாலு பேருக்கும் நானே போடறேன். உங்களுக்குப் படுக்கைக்கே கொண்டு வந்து தர்றேன். பாவம், இத்தனை வருஷம் நின்ன கால்."

பதினாறு வருஷத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். ஜெயித்த மயக்கத்தில் கண்ணாடியை மறுபடியும் மறந்துவிட்டு அலுவலகம் போனார்.

மறுநாள் ஐந்தரைக்கு அவர் கண் தானாகத் திறந்துகொண்டது. மூடினார். திறந்தது. போர்வையை முகத்துக்கு இழுத்தார். கால் வெளியே வந்தது. காலை மறைத்தார். முகம் வெளியே வந்தது. ஆறு மணிக்கு அடுப்படியில் சத்தம் கேட்டது. தொட்டியில் தண்ணீர் ஊற்றினாளா? ஊற்றின சத்தம் கேட்கவில்லையே? மெஷினில் பச்சை விளக்கு வருகிறவரை பொறுத்தாளா? வலது பக்கம் புரண்டார். முதலில் மாமாவுக்குப் போட வேண்டும், அவருக்குத்தான் ஆறினால் பிடிக்காது. இடது பக்கம் புரண்டார். இதற்குப் பேர்தான் தூக்கம் என்றால் வேலையே தேவலை என்று இருந்தது அவருக்கு.

அப்போது கூடத்திலிருந்து மாமனாரின் குரல், பழைய வகுப்பறைக் குரல், தெளிவாக வந்தது.

"எண்பத்தி ரெண்டு!"

படிப்படியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகம்.

மனைவி கப்போடு உள்ளே வந்தாள். "ஏன் எழுந்துட்டீங்க? படுங்க."

அவர் வாங்கி ஒரு வாய் குடித்தார். அதே காபி. நேற்று அவர் போட்டதற்கும் இதற்கும் ஒரு சொட்டு வித்தியாசம் கிடையாது. கப்பைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு ஓடினார்.

"மாமா, நேத்து நான் போட்டது எவ்வளவு?"

"அறுபத்தி மூணு."

"அதே மெஷின் மாமா!"

"ஆமா."

"அதே கேப்சூல்! சிவப்பு!"

"கேள்வித்தாள் எல்லாருக்கும் ஒண்ணுதான் மாப்பிள்ளை. மார்க் ஒண்ணாவா வருது?"

"அம்மா போட்டா நுரை உட்காருதுப்பா" என்றாள் மகள், மேலுதட்டைத் துடைத்துக்கொண்டே. "நீங்க போட்டா நிக்குது."

நுரை எங்கே உட்காரும், எங்கே நிற்கும்? அபத்தம். இது அப்பாவும் பெண்ணும் பேத்தியும் சேர்ந்து செய்கிற சதி. அவருக்கு அது நன்றாகவே தெரிந்தது. முட்டாள் இல்லை அவர். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. எண்பத்தி ரெண்டு! எதிர்வீட்டுக்காரர் வண்டி நிறுத்துவதற்கே எழுபதுதான் போடுகிற மனுஷர்!

அன்று அலுவலகத்தில் ஒரு மேஜைவிசிறிக்குத் தாள் எழுத உட்கார்ந்தார். படி மூன்றில் விசிறியைக் கழுவச் சொல்லியிருந்தார். படி ஐந்தில் சர்க்கரை போடச் சொல்லியிருந்தார். கிழித்துப் போட்டார். நாற்காலியில் இருப்பு கொள்ளவில்லை. மூன்று தடவை தண்ணீர் குடிக்கப் போனார், இரண்டு தடவை குடிக்காமலே திரும்பினார்.

மறுநாள் எண்பத்தைந்து. "நேத்தைவிடக் கைப்பக்குவம் கூடியிருக்கு" என்று சேர்த்து வேறு சொன்னார் மாமனார். கேப்சூலில் என்ன கைப்பக்குவம்? படிப்படியார் போர்வைக்குள்ளேயே பல்லைக் கடித்தார்.

மூன்றாம் நாள் அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டார்.

"நீங்க ஏன் இங்க நிக்கறீங்க? போய்ப் படுங்க."

"சும்மா பாக்கறேன்."

"பாக்க என்ன இருக்கு? மூணு படிதானே?"

"கப்பை வெந்நீர்ல ஒரு தடவை அலசிட்டா சூடு நிக்கும்."

"அலசாமலே எண்பத்தஞ்சு வந்துதே."

"கேப்சூலைப் போடறதுக்கு முன்னால ஒரு தடவை தட்டணும்."

"உங்க தாள்ல அது இல்லையே?"

"எல்லாத்தையும் தாள்ல எழுத முடியுமா?" என்று சீறினார் படிப்படியார். இருபது வருஷத் தொழில் தர்மம் ஒரு வாக்கியத்தில் காற்றில் போயிற்று. அவருக்கு அதுகூட உறைக்கவில்லை. பொறாமைதான் அது, வேறு என்ன பெயர் சொல்வது? பதினாறு வருஷம் விரல் சுட்டு, கால் சுட்டு நின்ற இடத்தில், நேற்று வந்தவள் போனில் பேசிக்கொண்டே முதல் ரேங்க் வாங்குகிறாள் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

நாலாம் நாள் அவள் அடுப்படிக்குள் வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த பதினோரு பக்கமும் குப்பைக்கூடையில் கிடந்தன. நாலு கப்பும் வெந்நீரில் அலசி, துணியால் துடைத்து, காது ஒரே பக்கம் பார்க்க வரிசையாக நின்றன. முன்னால் படிப்படியார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு.

"ஐயோ, நீங்க எதுக்குங்க? இப்பதானே ஓய்வு ஆரம்பிச்சிருக்கு."

"நகரு."

"கால் வலிக்கப் போகுது."

"நகருன்னு சொன்னேன்ல?"

அவள் நகர்ந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். படிப்படியார் கேப்சூலைத் தட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியை அழுத்தினார். மூன்று நிமிஷமும் கண்ணை எடுக்கவில்லை. மாமனாரின் கப்பை இரண்டு கையாலும் ஏந்திக் கூடத்துக்குக் கொண்டுபோனார். பொதுத்தேர்வு எழுதிய நாளில்கூட அவருக்கு நெஞ்சு இப்படி அடித்ததில்லை.

மாமனார் முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். கூரையைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். மகள் தன் கப்பை மறந்து தாத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுபத்தி ஒம்பது."

"அறுபத்தி ஒம்பதா?" படிப்படியாரின் முகம் தொங்கியது. பிறகு மெல்ல நிமிர்ந்தது. "இதுவரைக்கும் அறுபத்தெட்டுக்கு மேல வந்ததே இல்லையே மாமா?"

"ஒரு மார்க் ஏறியிருக்கு. முயற்சி தெரியுது. விடாம பண்ணினா எண்பதைத் தொடலாம்."

"எண்பதா?"

"ஆனா தினமும் பண்ணணும்."

மனைவி தன் கப்பை வாங்கிக்கொண்டு கொட்டாவி விட்டாள். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நாளைக்கு நானே எழுந்து போட்டுடறேனே."

"நீ தொடக்கூடாது!" என்று அலறிவிட்டார் படிப்படியார். "அந்த மெஷின் பக்கமே வரக்கூடாது. சொல்லிட்டேன்."

"சரி, சரி. கோபப்படாதீங்க. நீங்களே போடுங்க." அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, போர்வை கலையாமல் காத்திருக்கும் படுக்கையை நோக்கித் திரும்பி நடந்தாள். வாசற்படியில் நின்று, "அப்ப நாளைக்கு அஞ்சரைக்கு எழுப்பி விடட்டுமா?" என்று கேட்டாள்.

"அஞ்சு மணிக்கே எழுப்பு" என்றார் படிப்படியார்.